சிம்சன் ஆலை குஸ்ட்லோஃப் வெர்கே ஆனது எப்படி?

கேள்வி:
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய மவுசர் 98கே துப்பாக்கிகளின் படங்களில், சிலவற்றின் மீது 'பிஎஸ்டபிள்யூ' என்றும் சிலவற்றின் மீது 'பிசிடி' என்றும் முத்திரை காணப்படுகிறது. இரண்டுமே குஸ்ட்லோஃப் வெர்கே என்ற ஜெர்மன் ஆயுத நிறுவனத்தைக் குறிப்பவை என்கிறார்கள். அதற்கு முன் அது ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள சூல் நகரத்துச் சிம்சன் நிறுவனமாக இருந்ததாம். நாஜி அரசு அதை நாட்டுடைமையாக்கியதா, விலைக்கு வாங்கியதா?

பதில் 1:
இரண்டும் இல்லை, பறித்துக்கொண்டார்கள் என்பதே பொருந்தும். 1856இல் யூத சகோதரர்கள் தொடங்கிய சிம்சன் நிறுவனம், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தியை மட்டுப்படுத்திய வெர்சாய் உடன்படிக்கையின் கட்டுப்பாடுகள் நிலவிய 1920களில், ஜெர்மன் ராணுவத்துக்கு இலகு இயந்திரத் துப்பாக்கிகளை வழங்கும் தனியுரிமையைப் பெற்றிருந்தது. அந்த உரிமையையே பின்னர் குற்றமாகத் திருப்பி, அளவுக்கு மீறி லாபம் ஈட்டியதாகப் பழி சுமத்தி, 1935இல் துரிங்கியாவின் நாஜிக் கட்சித் தலைவர் ஃபிரிட்ஸ் சவுக்கல் ஆலையைக் கைப்பற்றினார். உரிமையாளர் குடும்பம் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. பிஎஸ்டபிள்யூ என்பது அதற்குப் பின் சூல் ஆலைக்குச் சூட்டப்பட்ட 'பெர்லின்-சூலர் வாஃபன்' (பெர்லின்-சூல் ஆயுத ஆலை) எனத் தொடங்கும் பெயரின் சுருக்கம். பிசிடியோ போர்க்காலத்தில் வைமர் நகரிலிருந்த குஸ்ட்லோஃப் வெர்கே ஆலைக்குத் தரப்பட்ட குறியீடு. எனவே, ஒரே ஆலை முத்திரையை மாற்றிக்கொண்டதாகக் கருத வேண்டாம்.

பதில் 2:
நண்பர் கூறியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆலை அரசின் கைக்கும் போகவில்லை. 1936இல் டாவோஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட, சுவிட்சர்லாந்து நாஜிக் கிளையின் தலைவர் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃபின் பெயரில் அதே ஆண்டு அமைக்கப்பட்ட அறக்கட்டளையிடம் போனது. அதன் தலைவரும் சவுக்கல்தான். அறக்கட்டளையாம்!

பதில் 3:
முத்திரையோடு நின்றுவிட்டால் முக்கியமான பகுதி விடுபட்டுவிடும். வைமர் அருகே இருந்த புக்கன்வால்ட் வதைமுகாமின் கைதிகளைக் குஸ்ட்லோஃப் வெர்கே வேலை வாங்கியது. 1943இல் முகாமின் வேலியை ஒட்டியே ஓர் ஆயுத ஆலை இயங்கத் தொடங்கியது. 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அதன் மீது குண்டு வீசியபோது, அங்கிருந்த கைதிகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். 1942 முதல் ஐரோப்பா முழுவதிலுமிருந்து பல லட்சம் பேரைக் கட்டாய வேலைக்கு இழுத்துவரும் பொறுப்பை ஏற்றிருந்தவரும் இதே சவுக்கல்தான். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி அவர் 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். சூல் நகரமோ சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் சென்றது. பின்னாளில் கிழக்கு ஜெர்மனியில் அங்கே உற்பத்தியான சிறிய மோட்டார் சைக்கிள்கள் சிம்சன் என்ற பெயரிலேயே விற்பனையாயின.