கருத்தரிக்கும் முன் கணவரும் தயாராக வேண்டுமா?

கேள்வி: குழந்தைக்குத் திட்டமிடும்போது மனைவி மட்டும் மாத்திரை, பரிசோதனை என்று தயாரானால் போதாதா?

பதில் 1: போதவே போதாது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். இன்று சிகரெட்டை விட்டால் பலன் அதற்குப் பிறகுதான் முழுதாகத் தெரியும். லேப்டாப்பை மடியில் வைக்காதீர்கள். விதைப்பை உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்க வேண்டும். உடற்கட்டுக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்களே, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்!

பதில் 2: மனைவிக்கு ஃபோலிக் அமிலம் (ஒரு பி வைட்டமின்) தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது 1 மாதம் முன்பிருந்தே. கருவுற்று 28 நாளுக்குள் சிசுவின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய்) மூடிவிடும்; அது சரியாக மூடத்தான் இந்த மாத்திரை. நாள் தள்ளிப்போனது தெரிந்தபின் தொடங்கினால் தாமதம். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டால் கருத்தரிக்க 1 மாதம் பொறுங்கள்.

பதில் 3: தலசீமியா (பரம்பரை ரத்த நோய்) பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். இருவருமே கடத்திகள் (நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. வலிப்பு மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டு, தேவையென்றால் மாற்றுங்கள்.