டிம் லைட் ஒன்று மரத்தில், ஒன்று தரையில்: ஹெட்லைட், ஃபாக் லைட் மட்டம் வைப்பது எப்படி?

வத்தலக்குண்டு வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். 2015 மாடல் ஹேட்ச்பேக், ஹெச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்). முன்பக்கம் லேசாக இடித்ததால் பட்டறையில் பம்பரைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். அதற்கப்புறம் இடது லைட் டிம்மிலேயே புளியமரக் கிளை வரைக்கும் போகிறது, எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்துத் திட்டிக்கொண்டே போகிறார்கள், வலது லைட்டோ பம்பரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே படுத்துவிடுகிறது. பின்னால் ஆளுக்கு இரண்டு திருகு தெரிகிறது. எது மேலே கீழே, எது பக்கவாட்டு? இன்னொன்று, எலக்ட்ரீஷியன் "தூரம் தெரியட்டும்" என்று ஃபாக் லைட்டையும் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டார். கொடைக்கானல் காட் ரோட்டில் மூடுபனிக்குள் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

ஷெட்டுக்காரன்:
தம்பி, முதலில் திருகில் கை வைக்காதீர்கள். பம்பர் வேலைக்கு அப்புறம் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போனால், லைட் யூனிட்டே சரியாக உட்காரவில்லை என்பதுதான் பெரும்பாலும் விஷயம். பானெட்டைத் திறந்து இரண்டு யூனிட்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், போல்ட் மாட்டுகிற பிளாஸ்டிக் காது உடைந்திருந்தால் ஆடும். அதைச் சரிசெய்யாமல் திருகைத் திருப்பினால் அடுத்த பள்ளத்தில் பழையபடி ஆகிவிடும். அடுத்து பல்பைக் கழற்றிப் பாருங்கள். ஹெச்4 பல்பில் மூன்று காது, மேலே இருப்பது மட்டும் அகலம். அது பள்ளத்தில் சரியாக விழாமல் கிளிப்பை அமுக்கி மாட்டியிருந்தாலும் ஒளி கண்டபடி சிதறும். டேஷ்போர்டில் லைட் ஏற்றி இறக்கும் குமிழ் இருந்தால் 0-வில் வையுங்கள். 3-இல் இருந்தால் கீழே குத்தத்தான் செய்யும்.

வத்தலக்குண்டு வண்டி:
அண்ணே, இடது யூனிட் ஆடுகிறது, மேல் காது கீறிப் பிளந்திருக்கிறது. வலது உறுதியாக இருக்கிறது, பல்பும் சரி. குமிழ் 0-தான்.

ஷெட்டுக்காரன்:
காது மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் கேளுங்கள், சில வண்டிக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெல்டிங். அதை முடித்துவிட்டு அளவுக்கு வாருங்கள்.

டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், டிக்கி காலி. சுவரிலிருந்து லைட்டுக்கு 5 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். லைட் கண்ணாடியில் நடுமையத்துக்குச் சின்னப் புள்ளி இருக்கும், அதன் உயரத்தைச் சுவரில் மாஸ்கிங் டேப்பால் குறுக்குக் கோடாக ஒட்டுங்கள். டிம் போட்டால் சுவரில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் விளிம்பு தெரியும், அது இந்த டேப்புக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். இதுதான் 1 சதவீதச் சாய்வு. லைட்டின் மேல் ஸ்டிக்கரில் வேறு சதவீதம் போட்டிருந்தால் அதையே வையுங்கள்.

இந்த 5 செ.மீ. சின்ன விஷயமில்லை. லைட் 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் 1 சதவீதத்துக்கு ஒளி 65 மீட்டர் போய்த் தரையைத் தொடும், 3 சதவீதமானால் 22 மீட்டரில் முடிந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது, பிரேக்கில் கால் போவதற்குள் வெளிச்சம் தீர்ந்துவிடும்.

விளிம்பு முழுக்க ஒரே மட்டமாக இருக்காது. நம் ஊர் வண்டிக்கு வலப்பக்கம் தட்டையாகவும் நடுவிலிருந்து இடப்பக்கம் ஏறுமுகமாகவும் இருக்கும், எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் ஓரத்து ஆளும் மாடும் தெரிவதற்காக. ஏறத் தொடங்கும் முனை, லைட்டின் மையத்துக்கு நேராக நிற்கும்படி பக்கவாட்டுத் திருகை வையுங்கள். எது எந்தத் திருகு என்பதற்குக் கால் சுற்று திருப்பிப் பார்த்தாலே சுவர் சொல்லிவிடும். ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைத் துணியால் மூடுங்கள், ரொம்ப நேரம் வேண்டாம், சூடேறும். ஹெச்4-இல் டிம்மைச் சரிசெய்தால் பிரைட்டும் கூடவே வந்துவிடும்.

கொத்தனார் மகன்:
டேப் ஒட்ட எளிய வழி: டியூப் மட்டம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையை லைட் புள்ளியில் பிடித்தால் மறுமுனைத் தண்ணீர் சுவரில் அதே மட்டத்தைக் காட்டும், நடுவில் தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை.

ஷெட்டுக்காரன்:
பாதி சரி. நடுத் தரை எப்படியும் இருக்கட்டும், வண்டி நிற்கிற இடம் மட்டமாக இருக்க வேண்டும். வாசல் வாட்டத்தில் வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் டியூப் சொல்வது பொய்க்கணக்கு. அதே டியூபால் முன் சக்கரம், பின் சக்கரம் நிற்கும் தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைவே மாப்ளே:
எதற்கு இவ்வளவு பாடு? எல்இடி பல்பு மாட்டுங்கள், பகல் மாதிரி இருக்கும்.

ஷெட்டுக்காரன்:
உங்களுக்குப் பகல், எதிரே வருகிறவனுக்கு? ஹெச்4 லைட்டுக்குள் ஒளியை முன்னால் திருப்பும் கிண்ணம் (ரிஃப்ளெக்டர்) பல்பு இழையின் இடத்தை வைத்து வடிவமைத்தது. எல்இடி சிப் அதே இடத்தில் உட்காராவிட்டால் விளிம்பே இருக்காது. விளிம்பு இல்லாத லைட்டை எந்தத் திருகாலும் மட்டம் வைக்க முடியாது.

வத்தலக்குண்டு வண்டி:
காது கிடைத்தது, மாட்டியாச்சு. வலது அழகாக ஏறி நின்றுவிட்டது. இடதில் மேல் கீழ்த் திருகைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, சுவரில் வெளிச்சம் அசையவில்லை.

ஷெட்டுக்காரன்:
திருகின் நுனியில் இருக்கும் பந்து, உள்ளே கிண்ணத்தின் பிளாஸ்டிக் குழியிலிருந்து கழன்றிருக்கும், இல்லாவிட்டால் திருகின் பல் தேய்ந்திருக்கும். இடித்த வண்டியில் சகஜம். யூனிட்டை வெளியே எடுத்து, பல்பு ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பந்து வெளியே தொங்கினால் கிண்ணத்தைப் பின்பக்கம் அழுத்தி டப்பென்று உட்கார வைக்கலாம், உள்ளே விரல் படாமல். குழியே உடைந்திருந்தால் வேறு யூனிட்தான். பழையது வாங்கினால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள், அதில் ஏறுமுகம் வலப்பக்கம் இருக்கும்.

வத்தலக்குண்டு வண்டி:
பந்துதான் அண்ணே, உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒரே கோட்டில் வருகிறது. இனி ஃபாக் லைட்? மஞ்சள் பேப்பர் ஒட்டினால் பனியில் நன்றாகத் தெரியும் என்கிறார்களே?

ஷெட்டுக்காரன்:
ஃபாக் லைட்டுக்குப் பெரும்பாலும் மேல் கீழ்த் திருகு ஒன்றுதான், பம்பரில் லைட்டை ஒட்டிச் சின்ன ஓட்டையிலோ அடியில் படுத்துப் பார்த்தாலோ தெரியும். மேல் விளிம்பு 5 மீட்டரில் அதன் மையத்துக்கு 10 செ.மீ. கீழே வரட்டும். 35 செ.மீ. உயர லைட் என்றால் 17 மீட்டர் சொச்சம்தான் போகும், அதற்குத்தான் அது. நேராக வைத்தால் ஒளி பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், காட் ரோட்டில் பார்த்த வெள்ளை அதுதான். பனிக்குள் பிரைட்டும் போடாதீர்கள். மஞ்சளுக்குச் செலவு செய்ய வேண்டாம். பனித்துளி பெரிது, எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும், பேப்பர் ஒட்டினால் இருக்கிற வெளிச்சமும் குறையும்.