ஒரே வீட்டில் இரண்டு கிறிஸ்துமஸ்: செர்பிய – ருமேனிய எல்லையோர ஊர் அனுபவங்கள், மூன்று பேர் சொன்னவை

செர்பியாவின் வடகிழக்கில், வ்ர்ஷட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் மேசிச் என்று ஒரு சின்ன ஊர். செர்பியர்களும் ருமேனியர்களும் கலந்து வாழ்கிறார்கள். நான் வ்ர்ஷட்ஸில் வேலை பார்த்தபோது பழக்கமான ஒருவர், டிசம்பர் 25 அன்று அங்கே தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் செர்பியர், மனைவி ருமேனியர்.

மேஜையில் இரண்டு பானை சர்மா இருந்தது. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி, மணிக்கணக்கில் வேகவைப்பது அது. ஒரு பானையில் பன்றிக்கறி. இன்னொன்றில் கறியே இல்லை, அரிசியும் காளானும் வால்நட்டும்தான். அந்த அக்கா எங்களுக்கெல்லாம் கறி சர்மா வைத்துவிட்டு, கணவருக்கு மட்டும் இரண்டாவது பானையிலிருந்து எடுத்து வைத்தார்.

விசாரித்தேன். இருவருமே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். ஆனால் ருமேனிய சபை 1924-இல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. செர்பிய சபை இன்றும் பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருக்கிறது, 13 நாள் வித்தியாசம். அதனால் கணவருக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முந்தைய 40 நாள் நோன்பு முடியாததால் கறி, பால், முட்டை எதுவும் தொட மாட்டார். மனைவியின் பண்டிகையில் முழு மனதோடு உட்கார்ந்து, தன் நோன்புச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். எனக்கு அந்த மேஜையை அவ்வளவு பிடித்துப்போனது.

செர்பியக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளான ஜனவரி 6 மாலையும் வரச்சொன்னார்கள். வழக்கப்படி கணவர் ஓக் மரக் கிளையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். தரையில் வைக்கோல் பரப்பியது அந்த ருமேனிய அக்காதான். பிள்ளைகள் அப்பாவிடம் செர்பிய மொழியும் பாட்டியிடம் ருமேனிய மொழியும் மாற்றி மாற்றிப் பேசினார்கள், யோசிக்கக்கூட இல்லை. ஈஸ்டர் மட்டும் இரண்டு சபைக்கும் ஒரே நாள்.

ஊரில் பூட்டிய வீடுகள் பல. ருமேனியா 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ருமேனிய வம்சாவளியினர் அந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்கி வியன்னா பக்கம் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்றார் அந்தக் கணவர். கேட்கவே வருத்தமாக இருந்தது.

*

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், ருமேனியாவின் திமிஷோவாரா நகரத்தில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே நிலைமை தலைகீழ்: ருமேனியாவுக்குள் செர்பியர்கள் சிறுபான்மை. முதல் உலகப் போருக்குப் பிறகு பனாத் என்ற இந்த எல்லைப் பகுதியைப் பிரித்தபோது கோடு இப்படி விழுந்துவிட்டது.

கூடப் படிக்கும் செர்பியப் பெண்ணின் பாட்டியை எல்லையோர ஊர் ஒன்றில் பார்த்தேன். 1948-இல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவும் (செர்பியா அப்போது அந்த நாட்டின் பகுதி) சோவியத் தலைவர் ஸ்டாலினும் பிரிந்ததும், ருமேனிய அரசு இந்தச் செர்பியர்களைச் சந்தேகிக்கத் தொடங்கியது. 1951 ஜூன் 18 அன்று, எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருந்த ஊர்களில் ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். செர்பியர், ஜெர்மானியர், நிலம் வைத்திருந்த ருமேனியர் என்று சுமார் 40,000 பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றி, கிழக்கே பராகான் சமவெளியில் இறக்கிவிட்டார்கள். பாட்டி அப்போது சிறுமி. வெட்டவெளியில் குழி தோண்டி, மேலே நாணல் போட்டுத்தான் முதலில் தங்கினார்களாம். பக்கத்துக் குழியில் இருந்தது அவர்கள் தெருவிலேயே இருந்த ருமேனியக் குடும்பம். சில வருஷம் கழித்து விட்டபோது சேர்ந்தே திரும்பிவந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்மணிதான் அன்று எங்களுக்குக் காபி போட்டுக்கொடுத்தார்.

*

என் கணவர் வ்ர்ஷட்ஸ்காரர், அவர் சொன்னதை மட்டும் சேர்க்கிறேன். 1980களில் சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆண்ட ருமேனியாவில் வார நாட்களில் டிவி இரண்டு மணி நேரம்தான். எல்லையோரத்தில் எல்லோரும் ஆன்டெனாவைத் திருப்பி பெல்கிரேட் டிவி பார்த்தார்கள். அப்புறம் 1992-இல் யூகோஸ்லாவியா மீது ஐ.நா. பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் செர்பியா தவித்தபோது, கேன் கேனாகக் கொண்டுவந்து கொடுத்தது ருமேனியப் பக்கத்துச் சொந்தக்காரர்கள்தானாம்.