கீரைத்தண்டும் தண்டாயுதமும் ஒரே சொல்லா?

மருதன்:
கீரைத்தண்டு, வாழைத்தண்டு என்கிறோமே, அந்தத் தண்டு வடமொழித் 'தண்ட'த்திலிருந்து வந்ததுதான். ரிக்வேதத்திலேயே கோல் என்ற பொருளில் அந்தச் சொல் இருக்கிறது. தண்டாயுதம், தண்டனை, படையைக் குறிக்கும் தண்டு எல்லாம் அதன் வழிவந்தவை. செடியின் தண்டும் நிமிர்ந்து நிற்கும் கோல்தானே? இதை மட்டும் பிரித்துத் தமிழ் என்பது மொழிப்பற்று, ஆய்வு அல்ல.

கழனியாள்:
தண்டாயுதம், தண்டனை, படைத்தண்டு மூன்றையும் விட்டுத்தருகிறேன் ஐயா. கீரைத்தண்டை விடமாட்டேன். தமிழ் எழுத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, ஏனென்றால் நமக்கு 'ண்டு' ஒன்றுதான். கன்னடத்தில் படைக்கும் தண்டனைக்கும் வரும் சொல்லில் ட மெலிந்து, நம் 'வண்டு' போல ஒலிக்கும். செடித்தண்டுக்கோ 'பட்டு' என்பதில் வரும் வல்லின ட: 'தண்ட்டு'. தண்டுக்கீரையை அங்கே 'தண்ட்டின சொப்பு' என்பார்கள். தெலுங்கிலும் சோளத்தட்டைக்கு அதே வல்லொலிதான். ஒரே சொல்லைக் கடன் வாங்கியிருந்தால் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்குமா?

மருதன்:
சரி, முதல் எழுத்தைப் பாருங்கள். இரண்டு மொழியிலும் அது 'தயிர்' என்பதில் வரும் த அல்ல, 'தானம்' என்பதில் தொண்டை அதிர வரும் அதிர்வொலி. அது வடமொழிச் சாயல்.

கரிசல்காரன்:
இடையில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் காட்டில் இறங்கினால் தண்டு என்ற பேச்சே குறைவு. நெல்லுக்குத் தாள், அறுத்தபின் நிற்பது அரிதாள், சோளத்துக்குத் தட்டை, பருத்திக்கு மார். நீர் கோத்து, கையால் ஒடிக்க வருவதுதான் தண்டு. மொழியறிஞர் தேவநேயப் பாவாணரும் கீரைக்கும் வாழைக்கும்தான் தண்டு என்று பிரித்திருக்கிறார். அடிக்கிற கோலிலிருந்து பிறந்த சொல் போயும் போயும் கீரையிலா ஒட்டும்?

கழனியாள்:
அருமை அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மருதன் ஐயா, நம் 'தாண்டு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்கன்னடத்தில் அது 'தாண்ட்டு'. முதலில் அதே அதிர்வொலி, இறுதியில் அதே வல்லின ட. அதை யாரும் வடமொழி என்பதில்லை. மலையாளத்தில் செடித்தண்டின் த நம்முடையதைப் போலவே அதிராமல் ஒலிக்கிறது.

மருதன்:
தாண்டு நல்ல சான்று, ஒப்புக்கொள்கிறேன். கீரைத்தண்டு உங்களுக்கே. ஆனால் முதுகுத்தண்டு? அது கோலா, கீரையா?