பாக் 40 (ஜெர்மன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி): திரையிலும் நேரிலும் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மாலைக்காட்சி:
இரண்டாம் உலகப்போர்ப் படம் 'ஃப்யூரி' (2014) மறுபடி பார்த்தேன். எல்லாரும் பேசுவது ஜெர்மன் டைகர் டாங்கி வரும் சண்டையைத்தான். இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தின் அசல் டைகர் 131-ஐயே ஓட்டிவந்து எடுத்தார்கள், பேசட்டும். என் ஓட்டு அதற்கு முன்னால் வரும் வயல்வெளிச் சண்டைக்கு. மரங்களோரம் ஒளித்துவைத்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, முதல் குண்டு வரும்வரை கண்ணிலேயே படாது. 'பாக்' எனப்படும் இந்த ஜெர்மன் பீரங்கிகளைப் படத்திலோ கேமிலோ நேரிலோ பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பனிக்காடு:
பின்லாந்தில் இருக்கிறேன். இங்கே பரோலா டாங்கி அருங்காட்சியகத்தில் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளுக்கென்றே ஒரு கூடம் உண்டு. 75 மி.மீ. பாக் 40 பக்கத்தில் போய் நின்றதும் முதலில் உறைத்தது அதன் குள்ளம். முன்கேடயம் என் நெஞ்சு மட்டம்தான். மெல்லிய இரட்டைத் தகடு, நடுவே இடைவெளி. சுடுகிறவர்கள் அதன் பின்னால் மண்டியிட்டுத்தான் வேலை பார்க்கவேண்டும். படங்களில் நிமிர்ந்து நின்று கத்துகிறார்களே, அவர்கள் இரண்டு நிமிடம் தாங்கமாட்டார்கள்.

எடை 1,400 கிலோவுக்கு மேல். முந்தைய 37 மி.மீ. பாக் 36 அதில் கால்பங்குகூட இல்லை, நாலு பேர் தள்ளினால் நகரும். ஆனால் 1941-ல் சோவியத் டி-34 டாங்கிக்கு முன்னால் அது திணறிப்போனது. 1939-லேயே வேலை தொடங்கியிருந்த பாக் 40-ஐ அதன்பிறகுதான் அவசரப்படுத்திக் களத்துக்கு அனுப்பினார்கள். கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. சுடச்சுட, பின்கால்களின் நுனித் தகடுகள் மண்ணுக்குள் இறங்கிவிடும். சேற்றுநிலம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆள்பலத்தால் பிடுங்க முடியாது. இழுவை வண்டி வராவிட்டால் பீரங்கியை விட்டுவிட்டு ஓடவேண்டியதுதான். இதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பாரிஸ் தம்பி:
அண்ணா, நார்மண்டிப் பக்கம் வந்தால் வியெர்வில் போய்ப் பாருங்கள். 1944-ல் அமெரிக்கப் படை வந்திறங்கிய ஒமாஹா கடற்கரையின் மேற்குக் கோடியில் ஒரு கான்கிரீட் அரண், உள்ளே 88 மி.மீ. பாக் 43/41 இன்னும் இருக்கிறது. அதன் தலைமேல்தான் அமெரிக்க நேஷனல் கார்டு நினைவுச்சின்னம். நான் எதிர்பார்த்தது கடலைப் பார்த்து நீட்டிய குழல். அப்படி இல்லை. கடல் பக்கம் தடிச் சுவர், கப்பல்கள் சுட்டால் தாங்குவதற்கு. குழல் கரையோரமாகப் பக்கவாட்டில் நீள்கிறது, மணலில் இறங்குகிற எல்லாரையும் ஒரே கோட்டில் பிடிக்கிறமாதிரி. 'சேவிங் பிரைவேட் ரயன்' தொடக்கக் காட்சி 'டாக் கிரீன்' என்று சங்கேதப் பெயர் வைத்த இந்தப் பகுதியில்தான் நடக்கிறது (எடுத்தது அயர்லாந்தில், கரக்ளோ கடற்கரையில்). அதைப் பார்த்தவர்களுக்கு மனசில் நிற்பது எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கி மட்டும்தானே?

ரீவைண்ட்:
சோவியத் படங்களில் ஜெர்மன் டாங்கிகளைச் சுடும் 45 மி.மீ. பீரங்கியைக் கவனித்திருக்கிறீர்களா? அது பாக் 36-க்குப் பங்காளி. 1930-ல் ஜெர்மன் ஆயுத நிறுவனம் ரைன்மெட்டாலிடம் 37 மி.மீ. வடிவமைப்பை வாங்கி, அதைப் பெரிதாக்கி உருவாக்கியது. சண்டை போடும் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம்!

என் எரிச்சல் வேறு. போலிப் பீரங்கிகள் பலவற்றில் வாயுவைக் கொளுத்தி நெருப்பு மட்டும் காட்டுகிறார்கள், குழல் பின்னால் போய் வருவதே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் படம் விட்டுப்போகிறது. அந்த விதத்தில் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' கேம் (2006) தேவலை. அதில் 50 மி.மீ. பாக் 38-ஐ மறைத்துவைத்து முதல் அடி கொடுக்கலாம். ஆனால் பக்கவாட்டில் ஆள் புகுந்தால், திருப்புவதற்குள் கதை முடிந்துவிடும்.

மாலைக்காட்சி:
சரிதான். 'ஸ்டாலின்கிராட்' (1993) யாரும் சொல்லவில்லையே? பனிக்குழிக்குள் டாங்கிகளுக்காகக் காத்திருக்கும் பயத்தை அதுபோல் வேறு படம் காட்டியதில்லை. வருவது டி-34/85 என்பது மட்டும் உறுத்தல், சண்டை நடந்தது 1942-43-ல், அந்த வண்டி களத்துக்கு வந்ததே 1944-ல்.

பனிக்காடு:
அந்த உறுத்தல் வேண்டாமென்றால் பின்லாந்து-சோவியத் சண்டையைக் காட்டும் 'தாலி-இஹந்தாலா 1944' (2007) படத்தைத் தேடிப்பாருங்கள். கதை கொஞ்சம் வறட்சி. ஆனால் அசல் ஸ்டூக் வண்டிகள் (சுழல்மேடை இல்லாத ஜெர்மன் கவசப் பீரங்கி வண்டி) ஓடுகின்றன. ஜெர்மனியிடம் வாங்கிய பாக் 40-ஐ பின்லாந்துக்காரர்கள் அந்தக் கோடையில் உண்மையாகவே சுட்ட களமும் அதுதான்.