குருக்கியஸ் நீராவி இறைப்பு நிலையம்: காற்றாலைகளால் முடியாதது எப்படி முடிந்தது?

கேள்வி:
நெதர்லாந்தின் ஹார்லெம் ஏரியை வற்றவைக்க 17ஆம் நூற்றாண்டிலேயே லேஹ்வாட்டர் என்ற பொறியாளர் 160 காற்றாலைகள் கொண்ட திட்டத்தை முன்வைத்திருந்தும், அப்பணி 1852இல் மூன்றே நீராவி நிலையங்களால் முடிந்ததாக அறிகிறேன். அவற்றுள் குருக்கியஸ் நிலையத்தின் எந்திரம் எவ்வாறு இயங்கியது என்று யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
எந்திரம் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஹார்வி நிறுவனம் செய்தது. 1849இல் இயங்கத் தொடங்கியது. உள்ளே 84 அங்குல விட்டமுள்ள நீராவி உருளையும் (சிலிண்டர்), அதைச் சூழ்ந்து 144 அங்குல உருளையும் உண்டு. பலரும் நினைப்பதற்கு மாறாக, நீராவி தண்ணீரை நேரடியாகத் தூக்கவில்லை. அது மிகக் கனமான எடையொன்றையே மேலே உயர்த்தும். அப்போது ஒரு முனை அந்த எடையோடு இணைந்து, சுவரைத் துளைத்து வெளியே நீளும் எட்டு உத்திரங்களின் மறுமுனைகள் தாழ்ந்து, பம்புகளின் உந்துதண்டுகள் நீருக்குள் இறங்கும். பிறகு அந்த எடை தன் பாரத்தாலேயே கீழிறங்க, எட்டு பம்புகளும் ஒருசேர நீரைச் சுமந்து மேலெழும். நம் ஏற்றத்தில் துலாவின் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எடை உச்சிக்குச் சென்றதும் உடனே விழுவதில்லை. பம்பின் அடைப்பிதழ்கள் (வால்வுகள்) மெல்ல மூடிக்கொள்ளும்வரை நீரழுத்த அமைப்பு அதைத் தாங்கி நிற்கும். அந்தச் சிறு இடைநிறுத்தம் இல்லாவிடில் இதழ்கள் அதிர்ந்து அறைபட்டிருக்கும். என் பார்வையில் வடிவமைப்பின் உச்சமே இதுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நிலையம் இப்போதும் உள்ளதா?

பதில் 2:
உள்ளது. 1933இல் பணி நின்று, அருங்காட்சியகமாயிற்று. உத்திரங்கள் இன்றும் அசைகின்றன. ஆனால் நீராவியால் அல்ல, எண்ணெய் அழுத்தத்தால்.