ஷிப்ட் வேலை, சபை வேலை, பிள்ளைகள்: நேரத்தை எப்படி ஒழுங்குபண்ணுவது?

உப்புவெளியான்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருகோணமலை சீனன்குடாப் பக்கம் தொழிற்சாலை வேலை. மூன்று ஷிப்ட் (6–2, 2–10, இரவு 10–6), கிழமைக்குக் கிழமை மாறும். மகள் ஓ.எல் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை), மகன் புலமைப்பரிசில் (அஞ்சாம் வகுப்புப் பரீட்சை) எடுக்கிற வகுப்பு. சபையில் புதன் பின்னேரம் வேதபாடம், வெள்ளி பகல் உபவாச ஜெபம், சனி பின்னேரம் பாடகர் பயிற்சி, ஞாயிறு ஆராதனை. எல்லாத்திலயும் பேர் இருக்கு, ஒன்றிலயும் ஒழுங்கில்லை. தனி ஜெபம் அடிக்கடி விடுபடுது. எபேசியர் 5:16 "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லுது, சரி. எதை வைக்கிறது, எதை விடுறது? வேதத்தை ஒரு வருசத்தில் வாசிச்சு முடிக்கேலுமா? ஆறுதல் வசனம் வேண்டாம், செய்முறை சொல்லுங்கோ.

கொப்பியும் பேனையும்:
முதலில் கணக்கு. ஒரு கொப்பி வாங்கி, ஒரு கிழமைக்கு அரை மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த நேரத்தில் எழுத வேண்டும். இரவில் ஞாபகப்படுத்தி எழுதினால் கைத்தொலைபேசி நேரம் பாதியாகச் சுருங்கிவிடும்.

கிழமைக்கு 168 மணித்தியாலம். உறக்கம் 49, வேலை 48, போக்குவரத்து 6, சாப்பாடு குளிப்பு 14. மொத்தம் 117, மிச்சம் 51. நீங்கள் சொன்ன சபைக் கூட்டங்கள் நாலும் போய்வருகிற நேரத்தோடு சுமார் 13. கைத்தொலைபேசி நாளுக்கு இரண்டு மணி என்றாலே 14. ஆக உங்கள் சபை முழுவதையும் விட வட்ஸ்அப்பும் யூடியூப்பும் பெரிய சபை. வெட்டத் தொடங்க வேண்டிய இடம் வேதபாடம் இல்லை.

அடுத்தது, ஒரே அட்டவணையை மூன்று ஷிப்டுக்கும் இழுக்காதீர்கள். அங்கேதான் எல்லாம் உடைகிறது. மூன்று கிழமைக்கு மூன்று தாள்.

6–2 கிழமை: பின்னேரம் முழுக்க உங்களுடையது. புதன் வேதபாடமும் சனி பயிற்சியும் இந்தக் கிழமைக்கு. குடும்ப ஜெபம் இரவு 7.30.

2–10 கிழமை: இதுதான் பொல்லாத கிழமை. பிள்ளைகள் காலை 6.45க்குப் பள்ளிக்கூடம் போனால், நீங்கள் வீடு வர இரவு 10.30. அஞ்சு நாள் அவர்களின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். அதனால் இந்தக் கிழமை குடும்ப ஜெபம் காலை 6 மணிக்கு, தேத்தண்ணியோடு. ஒரு சங்கீதம், ஒவ்வொருவருக்காகவும் ஒரு வரி ஜெபம், பத்து நிமிசம் போதும். பிறகு விரும்பினால் திரும்பப் படுங்கள். வெள்ளி ஜெபத்துக்கு இந்தக் கிழமை போகலாம், ஆனால் 12.30க்கு எழும்பி வந்துவிட வேண்டும்.

இரவுக் கிழமை: ஞாயிறு ஆராதனை மட்டும். வேறொன்றும் இல்லை. குடும்ப ஜெபம் இரவு 8க்கு, வேலைக்குப் புறப்பட முன்.

தனி ஜெபத்தை மணிக்கூட்டோடு கட்டாதீர்கள், ஒரு செயலோடு கட்டுங்கள். "காலை 4.30" என்று வைத்தால் இரவு ஷிப்டில் அந்த நேரம் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பீர்கள். "எழும்பி முகம் கழுவினவுடன்" என்று வைத்தால் அது விடியப்புறமாயிருந்தாலும் பகல் ஒரு மணியாயிருந்தாலும் செல்லும். மாற்கு 1:35இல் இயேசு இருட்டோடே எழும்பினது உண்மை. அதே மாற்கு 6:46இல் பகல் முழுக்க ஜனத்தோடு இருந்துவிட்டு அன்று மாலைதான் ஜெபிக்க மலைக்குப் போகிறார்.

கட்டிலில் முழந்தாளிட வேண்டாம், நித்திரை வந்துவிடும். மேசையில் இருந்து, கண் திறந்து, வாய்விட்டு. ஜெபக் குறிப்பை நாளுக்கு ஒரு பகுதியாகப் பிரியுங்கள்: திங்கள் குடும்பம், செவ்வாய் வேலைத்தலம், புதன் சபை, இப்படி. எல்லாப் பேரையும் ஒரே நாளில் சொல்லப்போனால் அது இடாப்பு வாசிப்பாகிவிடும்.

பாலையூற்று அக்கா:
நான் கத்தோலிக்கப் பக்கம், கொஞ்சம் வேறமாதிரிச் சொல்லுறன் தம்பி. காலை ஜெபத்தைப் பற்றியே எல்லாரும் கதைக்கினம். நாள் முடிவுதான் நேரத்தைத் திருத்தும். இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் தந்த ஆத்தும சோதனை முறை தெரியாதவை பழகலாம். அஞ்சு படி: நன்றி சொல்லுறது, உள்ளதை உள்ளபடி பார்க்க அருள் கேட்கிறது, நாளை மணிக்கு மணி திருப்பிப் பார்க்கிறது, தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறது, நாளைக்குத் திருத்தப்போற ஒன்றைத் தீர்மானிக்கிறது. பத்து நிமிசம்.

இதில எல்லாரும் வழுக்குற இடம் மூன்றாவது படி. "இண்டைக்கு நல்ல நாள்" என்று மொத்தமாச் சொல்லி முடிச்சிடுவினம். அப்பிடி இல்லை. 2 மணிக்கு என்ன, 3 மணிக்கு என்ன, மகள் கணக்குக் கேட்கேக்க போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினனா, அப்பிடி. அஞ்சாவதில தீர்மானம் ஒன்றே ஒன்று. மூன்று எடுத்தால் ஒன்றும் நிக்காது.

ஞாயிறு காலை ஷிப்ட் விழுற கத்தோலிக்கருக்கு ஒரு குறிப்பு: சனி மாலைப் பூசையே ஞாயிறு கடமைக்குப் போதும், திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கு. தெரியாமல் மனம் குழம்புறவை கனபேர்.

வேதவாசகன்:
ஒரு வருசத்தில் முழு வேதம் முடியும், ஆனால் ஷிப்ட்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். நாங்கள் பாவிக்கிற 66 புத்தக வேதாகமத்தில் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்றுக்கு மேல். அஞ்சு நாள் விட்டால் 16 அதிகாரம் கடன். தை மாதம் ஆதியாகமத்தில் ஓடத் தொடங்குகிறவர்கள் லேவியராகமத்தில் படுத்துவிடுவது இதனால்தான். பலிகளும் குஷ்டரோகச் சட்டமும் வருகிற நேரம் கடனும் சேர்ந்து நிற்கும்.

புதிய ஏற்பாடு 260 அதிகாரம். கிழமைக்கு அஞ்சு நாள், நாளுக்கு ஒன்று, 52 கிழமையில் சரியாக முடியும். மற்ற இரண்டு நாளும் விட்டதைப் பிடிக்க. இரண்டுக்கு மேல் விட்டால் கடனைத் தள்ளிவிட்டு அன்றைக்குரிய இடத்தில் தொடருங்கள். விட்டுப்போன அதிகாரங்களைக் கொப்பியில் குறித்தால் வருச முடிவில் வாசிக்கலாம். லூக்கா 1 மாதிரி 80 வசனம் உள்ளதை இரண்டாகப் பிரிக்கலாம். கூடவே ஒரு சங்கீதம். 119ஆம் சங்கீதம் 176 வசனம், பயப்பட வேண்டாம்: எட்டெட்டு வசனமாக 22 பகுதி, நாளுக்கு ஒரு பகுதி.

அச்சிட்ட வேதாகமத்தில் வாசியுங்கள். போனில் திறந்தால் யாக்கோபு 4க்கும் 5க்கும் நடுவில் மூன்று வாழ்த்துப் படம் வந்து விழும். பஸ்ஸில் ஒலி வேதாகமம் கேட்கலாம் என்பார்கள். அனுராதபுரச் சந்தி தாண்ட முன்னம் சாரதியின் பாட்டு அதை மூடிவிடும். பஸ்ஸில் மனப்பாடம் நல்லது, கிழமைக்கு ஒரு வசனம், சின்ன அட்டையில் எழுதி சேட் பொக்கற்றில்.

இன்னொன்று. வேலை நேரத்தில் வாசிக்க வேண்டாம். கொலோசெயர் 3:23 "எதைச் செய்தாலும்... கர்த்தருக்கென்றே" என்றது அடிமைகளுக்கு, அவர்கள் செய்த வேலையைப் பற்றி. வால்வைப் பார்க்க வேண்டிய நேரத்தில் சங்கீதம் வாசிக்கிறது பக்தி இல்லை, முதலாளியின் நேரத்தைக் களவெடுக்கிறது.

உப்புவெளியான்:
மூன்று தாள் யோசனை நல்லது, நன்றி. இரண்டு சிக்கல். இரவு ஷிப்ட் முடிஞ்சு அப்படியே உபவாச ஜெபத்துக்குப் போறதுதான் இங்கே வழக்கம், போகாட்டி ஆவிக்குரிய தளர்ச்சி என்பினம். மற்றது, பாடகர் குழுவை விட்டால் ஆசீர்வாதம் போயிடும் என்ற பயம், வீட்டிலயும் இருக்கு.

கொப்பியும் பேனையும்:
இரவு ஷிப்டுக்குப் பிறகு உபவாசம் வேண்டவே வேண்டாம். ஆறு மணிக்கு இறங்கி, சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், ஒன்றரை வரை இருந்து, பிறகு மோட்டார் சைக்கிளில் வீடு. அன்றிரவு திரும்ப இயந்திரம். விபத்துக்கு வேறென்ன வேண்டும்? வேலை இல்லாத நாளுக்கு முந்தின இரவு உணவையோ அந்த நாளின் காலை உணவையோ விடுங்கள், தண்ணீரை விடாதீர்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஒரு நேரமும் விடக்கூடாது, சீனி திடீரென்று இறங்கி மயங்கிவிடுவார்கள். தளர்ச்சி என்கிறவர்களுக்கு ஏசாயா 58ஐக் காட்டுங்கள். அந்த உபவாசத்தில் பசித்தவனுக்குச் சாப்பாடும் உன் மாம்சமானவனுக்கு (சொந்த இரத்த உறவுக்கு) ஒளிக்காமல் இருப்பதும் வருகிறது.

ஆசீர்வாதப் பயத்துக்கு: மாற்கு 7இல் தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கினவர்களை இயேசு மெச்சவில்லை, கண்டித்தார். பிள்ளைகளுக்குரிய நேரமும் அப்படித்தான். அப்போஸ்தலர் 6இலும் பன்னிரண்டு அப்போஸ்தலரும் பந்தி விசாரணையை (சாப்பாடு பங்கிடுகிற பொறுப்பை) தாங்களே இழுத்துப் பிடிக்கவில்லை, ஏழு பேரிடம் கொடுத்தார்கள்.

போதகரிடம் நேரில் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் வேண்டாம். ஆராதனை முடிந்து கை குலுக்கிற நேரத்திலும் வேண்டாம். மூன்று கிழமைத் தாளையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். "நேரமில்லை" என்றால் எல்லாருக்கும் நேரமில்லைதான் என்ற பதில் வரும். "மூன்று கிழமையில் ஒரு சனிதான் வரலாம், அதனால் முன்னணிக் குரலுக்கு வேறொருவரைப் பழக்கித் தருகிறேன், அடுத்த மாத முடிவு வரை நிற்பேன்" என்றால் பேச ஒரு திகதி இருக்கும்.

பாலையூற்று அக்கா:
ஞாயிறு டியூசனையும் அந்தத் தாளில போடுங்கோ தம்பி. ஓ.எல் பிள்ளைக்கு ஞாயிறு காலை வகுப்பெண்டால் ஆராதனையோட மோதும். அதே பாடம் கிழமை நாளில நடத்துற வகுப்பு இருக்கோ எண்டு தவணை தொடங்க முதலே விசாரிக்கோணும், நடுவில மாத்தினால் பாடத்திட்டம் ஒத்துவராது. மகனுக்கு இந்த வருசம் 2–10 கிழமையில காலமை அந்தப் பத்து நிமிசத்தோட இன்னும் கால் மணி சேர்த்து ஒரு வினாத்தாள் பகுதி பார்த்துக் குடுங்கோ, பின்னேரம் நீங்க வீட்டில இருக்கமாட்டீங்கள்தானே.